துருவுக்கு முந்தைய பூச்சு

பச்சை காய்ந்துவிட்டது.
எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருங்கி
ஒரு முழம் நீளத்தில் நிற்கிறாள்,
இன்னும் ஒரு மீன் கூடப் பிடிக்காத நிறத்தோடு.

மேசையில் இரண்டு புட்டிகள்.
ஒன்று பளபளப்பு. ஒன்று மங்கல்.
மங்கலின் அடியில் மாவு படிந்திருக்கும்,
குலுக்காமல் எடுத்தால்
அதுவும் பாதி பளபளப்புதான்.

பளபளப்பின் மேல் அழுக்கு நீர்
நிற்காமல் ஓடும்.
ஆணித்தலையைச் சுற்றி, தகட்டின் இடுக்கில்
இடம் பார்த்து உட்காரும்.
மிச்சத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தால்
நடக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம்.
மங்கல் அப்படியல்ல.
தொட்ட இடத்திலேயே குடிக்கும்.
ஒரு துளி தப்பினாலும்
கரை கட்டிக் கறையாகும்.

பணம் தருபவர் ஹனுஸ்.
அலுவலக வாசலில் கண்ணாடிப் பெட்டி செய்தாயிற்று.
"கடலில் இறக்கிய நாளில் இருந்த மாதிரி" என்றார்.
அவளுடைய எஞ்சின் அறையில்
பதினொரு வருடம் இருந்த ரேய்யின்
என் காப்பியைக் குடித்தபடி கேட்டான்:
"அந்த நாளில் அவளை யார் பார்த்தது?
நான் ஏறும்போதே அழுது வடிந்தாள்."

எனக்கும் தெரியும்.
க்ளாக்ஸ்விக் சறுக்குத் தளத்தில்
நான்கு கோடை அவளைச் சுரண்டியவள் நான்.
நங்கூரத் துளைக்குக் கீழே,
வலைப் பலகை மோதும் பின்பக்கம்,
சமையலறைக் கழிவுக் குழாய் திறக்கும் வலப்புறம்.
ஆனால் துருவை எப்படி எழுபத்திரண்டால் வகுப்பது?
கடுகளவு என்றாலே அதிகம்.

ஆறு பிளாஸ்டிக் கரண்டிகளில் சோதித்தேன்.
நான்காவதைக் காணோம்.
ஏய்தின் அதைத் தயிரில் விட்டிருந்தான்.
"ருசி?" என்றேன்.
"பளபளப்பு" என்றான்.

போன வருடம் கரைக்காவல் படகு ஒன்றில்
எனாமல் மேல் எனாமல் அழுக்கைப் பூசினேன்.
ஒரே குடும்பத்துச் சண்டை,
மேலே வந்தது கீழே இருந்ததையும்
கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.
அதனால் இம்முறை
வண்ணம் எனாமல், நடுவே அக்ரிலிக்,
அதற்கும் மேல்தான் துரு.

ஈரத்தில் அடித்தால் பூச்சு வெளுக்கும்.
இந்தத் தீவில் ஈரமில்லாத நாளுக்குக் காத்திருந்தால்
கப்பலை என் பேத்தி முடிப்பாள்,
எனக்கோ பிள்ளையே இல்லை.
செவ்வாய் மாலை தூறல் கொஞ்சம் தயங்கியது.
ஹீட்டரைத் திருப்பி வைத்தேன்.
பளபளப்பைத்தான் எடுத்தேன்.
துடைக்க முடிகிற பூச்சு
என்னைப் போன்ற கைநடுங்கிக்கு நல்லது.

காலையில் பார்த்தால்
சன்னல் ஒரு விரல் அளவு திறந்திருந்தது.
வலப்புறம், நகம் அகலத்துக்கு,
ஊதிவிட்ட கண்ணாடி போல ஒரு வெளுப்பு.
இன்னொரு பூச்சு அடித்தால் மறையும்.
அடிக்கவில்லை. சோம்பல் என்றே வையுங்கள்.

பழுப்பைக் கரைத்து ஊற்றினேன்.
எங்கும் சொன்னபடி ஓடியது,
அங்கே மட்டும் குடித்தது.
குடித்து, விரிந்து, கீழே ஒரு கோடு இழுத்தது.
டர்பென்டைனில் நனைத்த பஞ்சு
மூன்று முறை போய் வெறுங்கையோடு வந்தது.

ரேய்யின் வந்தான், குனிந்தான்,
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.
"சமையல் குழாய்" என்றான்.
"உருளைக்கிழங்குத் தண்ணீரைக்
கொதிக்கக் கொதிக்கக் கொட்டுவான் மாக்னுஸ்.
எப்படிச் செய்தாய்?"
சன்னலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஹனுஸ் வெள்ளிக்கிழமை வருகிறார்.
வாசலுக்கு இடப்புறத்தைக் காட்டி வைக்கலாம்,
இடப்புறம் புது மணப்பெண்.
வலப்புறம் எதிரே,
வருகைப் பதிவு எந்திரத்தின் அருகே,
ஆட்கள் பூட்ஸ் மாட்டும் பெஞ்சு இருக்கிறது.

கடைசிப் பூச்சு பாக்கி.
மங்கல் புட்டியைக் குலுக்கிக்கொண்டிருக்கிறேன்.
அடி மாவு இன்னும் எழவில்லை.